பட்டப்படிப்புக் காலத்தில் பணிச்சந்தைக்கான ஆயத்தம்: நங்கநல்லூரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பட்டம் பெற்ற பின்னரே பணி தேடத் தொடங்குவது தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரி மாணவர் பலரிடம் காணப்படும் வழக்கமாகும். இவ்வழக்கத்திற்கு மாணவரின் அக்கறையின்மையைக் காரணமாகக் கூறுவது எளிது. ஆயினும், பணிச்சந்தையைப் பற்றிய அறிவு வகுப்பறையில் கற்பிக்கப்படாமல் வீட்டின் வழியாகவே கையளிக்கப்பட்டு வந்துள்ளது என்பதே அடிப்படைக் காரணமாகும். சென்னையின் தென்பகுதியில் அமைந்த நங்கநல்லூரின் குடியிருப்புப் பெயர்கள், தட்டச்சுப் பயிலக மரபு, பணித்தெரிவு முறையில் நிகழ்ந்த மாற்றங்கள் ஆகியவற்றைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது. திறன், சான்று, தொடர்பு என்னும் மூன்று கூறுகளாக ஆயத்தத்தைப் பகுத்து, அவற்றைப் பட்டப்படிப்பின் மூன்றாண்டுகளுக்குள் அமைக்கும் முறையையும், அதில் கல்லூரித் துறைகளுக்குரிய பொறுப்பையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்

பணிச்சந்தை, பட்டப்படிப்பு, நங்கநல்லூர், தட்டச்சு, தொழிற்பழகுநர் பயிற்சி, நான் முதல்வன், தமிழ்த்துறை.

முன்னுரை

கல்வியின் நோக்கம் வேலைவாய்ப்பு மட்டுமன்று என்பது கல்வியாளர் பலரும் ஏற்கும் கருத்தாகும். ஆயினும், கல்லூரிக்குள் நுழையும் மாணவரும் அவரை அனுப்பி வைக்கும் குடும்பமும் பட்டத்தைப் பிழைப்புக்குரிய வழியாகவும் காண்கின்றனர் என்பதை மறுக்க இயலாது. குறிப்பாக, குடும்பத்தின் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு, படிப்பு முடிந்தபின் பணியின்றிக் கழியும் ஒவ்வோர் ஆண்டும் பொருளிழப்பாகிறது. அவ்விடைவெளி நீளும்போது தம்பி, தங்கையரின் உயர்கல்வியும் தடைப்படக்கூடும். பெண்களுக்கு மேற்படிப்பின் கதவே மூடப்படக்கூடும். ஆகவே, பட்டப்படிப்புக் காலத்திலேயே பணிக்கு ஆயத்தமாவதைத் தனிமனித முன்னேற்ற அறிவுரையாகக் கருதாமல் கல்விச் சமத்துவம் சார்ந்த சிக்கலாக ஆராய்வது பொருத்தமாகும்.

குடியிருப்புப் பெயர்களில் பதிந்த பணிவரலாறு

நங்கநல்லூர் பழவந்தாங்கல் புறநகர்த் தொடர்வண்டி நிலையத்தை அடுத்து அமைந்த குடியிருப்புப் பகுதியாகும். ஆலந்தூர் நகராட்சியின் ஒரு பகுதியாக இருந்த இவ்வூர் 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. வடக்கே இரண்டாவது நிலையமான கிண்டியில் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொழிற்பேட்டையும், தெற்கே அடுத்த நிலையமான மீனம்பாக்கத்தில் வானூர்தி நிலையமும் 1952ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏ.எம். ஜெயின் கல்லூரியும் உள்ளன. கல்வி, தொழில், போக்குவரத்து ஆகிய மூன்றும் ஒரு சில கிலோமீட்டர் தொலைவிற்குள் அமைந்த ஊர் இது.

இவ்வூரின் குடியிருப்புப் பெயர்கள் தனிக்கவனத்திற்குரியவை. ஏ.ஜி.எஸ். காலனி, டி.என்.ஜி.ஓ. காலனி, சிவில் ஏவியேஷன் காலனி, எஸ்.பி.ஐ. காலனி, எம்.எம்.டி.சி. காலனி, வோல்டாஸ் காலனி முதலியன பணியிடத்தையோ பணியாளர் வகையையோ சுட்டும் பெயர்கள். கணக்காயர் அலுவலகம், மாநில அரசு, வானூர்தித் துறை, பொதுத்துறை வங்கி, பொதுத்துறை வணிக நிறுவனம், தனியார் தொழில் நிறுவனம் எனச் சென்ற நூற்றாண்டின் நடுத்தர வகுப்பினர் நாடிய பணிவகைகள் பெரும்பாலும் இப்பெயர்களுள் அடங்கிவிடுகின்றன. பணிக்காலம் முழுவதையும் ஒரே நிறுவனத்தில் கழித்து, அந்நிறுவனத்தின் பெயராலேயே மனைநிலமும் வீடும் பெற இயன்ற ஒரு காலத்தின் பதிவுகள் இவை.

இத்தகைய குடியிருப்பில் வளர்ந்த மாணவருக்குப் பணிச்சந்தை பற்றிய அறிவு தனியே தேடிப் பெறவேண்டிய ஒன்றாக இருந்திராது. எந்தத் தேர்வு எப்போது அறிவிக்கப்படும், விண்ணப்பத்துடன் எவற்றை இணைக்க வேண்டும், நேர்காணலில் என்ன வினவுவர் என்பனவற்றைத் தந்தையிடமிருந்தோ எதிர்வீட்டாரிடமிருந்தோ அறியும் வாய்ப்பு அங்கே இயல்பாக அமைகிறது. அக்குடியிருப்புகளுக்கு வெளியே வளர்ந்து அதே கல்லூரியில் அதே பாடத்தைப் பயின்ற மாணவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. இருவரும் பெறும் பட்டம் ஒன்றே. ஆயின் பட்டத்தைப் பணியாக மாற்றும் அறிவில் இருவரும் சமநிலையில் இல்லை.

தட்டச்சுப் பயிலகம் உணர்த்தும் ஆயத்தமுறை

வீட்டு வழியாக வந்த இவ்வறிவை ஓரளவேனும் பொதுவாக்கிய அமைப்பு ஒன்று இருந்தது. அது தட்டச்சுப் பயிலகமாகும். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தையடுத்து அரசு அலுவலகங்களில் தமிழ்ப் பயன்பாடு விரிவடைந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையாவின் முயற்சியால் உருவான தமிழ்த் தட்டச்சுப்பொறி அதற்குத் துணைநின்றது. ஆங்கிலத் தட்டச்சுடன் தமிழ்த் தட்டச்சையும் கற்றவர்களுக்கு அரசுப் பணியில் தனி வாயில் திறந்தது. பள்ளி இறுதி வகுப்பிலோ கல்லூரியின் முதலாண்டிலோ பயிலும் மாணவர், காலையிலோ மாலையிலோ ஒரு மணிநேரம் பயிலகத்திற்குச் செல்வது தமிழ்நாட்டு நகரங்களில் பரவலான நடைமுறையாயிற்று.

இப்பயிற்சியின் அமைப்பை நோக்கினால் ஆயத்தத்தின் அடிப்படைப் பண்புகள் சில புலப்படும். முதலாவது, அது படிப்புக்குப் பிந்தியதாக அமையாமல் படிப்புடன் இணைந்தே நிகழ்ந்தது. இரண்டாவது, நாள்தோறும் சிறு அளவில் நிகழ்ந்தது. மூன்றாவது, அதன் அளவுகோல் தெளிவானது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில், ஆங்கிலத் தட்டச்சு இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்களும் முதுநிலைக்கு 45 சொற்களும் வேக அளவாகும். தாம் எந்நிலையில் இருக்கிறோம் என்பதைப் பயில்பவர் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. கடிகாரமும் தாளுமே காட்டிவிடும். நான்காவது, பயிற்சி அளித்தவரே சான்றிதழ் வழங்கவில்லை. பயிற்சி தனியார் பயிலகத்தில் நிகழ, தேர்வை அரசு நடத்தியது. அதனால் எந்தத் தெருவில் எந்தப் பயிலகத்தில் கற்றவர் என்ற வேறுபாடு சான்றிதழின் மதிப்பைப் பாதிக்கவில்லை.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் தட்டச்சர் பணிக்கு இச்சான்றிதழ் இன்றும் தேவைப்படுகிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றொன்றில் இளநிலையும் பெற்றிருத்தல் வேண்டும். அறிவிப்பு வெளியான பின்னர் பயிற்சியைத் தொடங்குபவர் அத்தகுதியை உரிய நாளுக்குள் அடைவது அரிது. ஆயத்தம் வாய்ப்புக்கு முந்தியதாக இருக்கவேண்டும் என்பதற்கு இது நேரடியான சான்றாகும்.

பணித்தெரிவு முறையில் நிகழ்ந்த மாற்றம்

1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பகங்கள் (காலியிடங்களைக் கட்டாயமாக அறிவித்தல்) சட்டம், அரசு நிறுவனங்களும் 25 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. பதிவுமூப்பு என்னும் கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றது. படிப்பை முடித்தவுடன் பதிவுசெய்து, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்து, அழைப்புக்காகக் காத்திருத்தல் ஒரு வாழ்க்கைமுறையாகவே இருந்தது.

1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பகப் பட்டியலுடன் நின்றுவிடாமல் நாளிதழ் முதலியவற்றின் வழியாகவும் காலியிடங்களை அறிவித்துத் தகுதியுடைய அனைவரையும் கருதவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. வாய்ப்பு பரவலாயிற்று, அதேவேளையில், காத்திருப்பு தன் பயனை இழந்து போட்டி முதன்மை பெற்றது. பொதுத்துறை வங்கிகளுக்கான பொது எழுத்துத் தேர்வு 2011ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, வங்கிப் பணிக்கான ஆயத்தமும் அகில இந்தியப் போட்டியாக மாறியது. தனியார் துறையில் தகவல் தொழில்நுட்பமும் பணிச்சேவை நிறுவனங்களும் வளர்ந்தன. ஒரே நிறுவனத்தில் ஓய்வுவரை பணிபுரிதல் அரிதாயிற்று.

இம்மாற்றத்தின் விளைவாக, குடியிருப்புப் பெயர்கள் சுட்டும் பணிகளில் இருந்தோரின் பிள்ளைகளுக்கும் தந்தையின் பணியறிவு முழுமையாகப் பயன்படுவதில்லை. ஆயினும், தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தமாவது, அலுவலகத்தில் எவ்வாறு உரையாடுவது போன்ற பொதுப்பயிற்சி அவர்களிடம் எஞ்சி நிற்கிறது. முதல் தலைமுறை மாணவருக்கோ பழைய அறிவும் கிட்டவில்லை. புதிய அறிவும் தாமாகத் தேடவேண்டியதாக உள்ளது.

திறன், சான்று, தொடர்பு

பணிச்சந்தை குறித்த ஆய்வுகள் ஆயத்தத்தின் மூன்று கூறுகளைப் பிரித்தறிய உதவுகின்றன. கல்வியும் பயிற்சியும் மனிதரின் ஆக்கத்திறனை உயர்த்தும் முதலீடு என்பது கேரி பெக்கர் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலின் அடிப்படைக் கருத்தாகும். இது திறனைப் பற்றியது.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை வேறொரு கோணத்தை முன்வைத்தது. விண்ணப்பதாரரின் உண்மையான திறனைப் பணி வழங்குபவர் நேரில் அறிய இயலாது. எனவே, பட்டம் போன்ற ஓர் அடையாளத்தைக் கொண்டு அதனை ஊகிக்கிறார். திறன் குறைந்தவருக்கு அவ்வடையாளத்தைப் பெறுவது கடினமாக இருக்கும்வரைதான் அது பயன்படும் என்பது அவர் வாதம். இதன்படி, எல்லோரிடமும் உள்ள சான்றிதழ் எவரையும் வேறுபடுத்திக் காட்டாது. ஒருநாள் பயிலரங்குகளில் வருகைக்காக மட்டும் வழங்கப்படும் சான்றிதழ்களை அடுக்கி வைத்தும் மாணவர் பயன்பெறாமைக்குக் காரணம் இதுவே. தட்டச்சுச் சான்றிதழோ திறனையும் வளர்த்தது. அத்திறன் உண்டு என்பதற்கு நம்பத்தகுந்த அடையாளமாகவும் நின்றது.

மார்க் கிரனோவெட்டர் அதே 1973ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை மூன்றாவது கூறாகிய தொடர்பைப் பற்றியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டன் என்னும் புறநகரில், பணி மாறிய தொழில்முறைப் பணியாளர்களை அவர் ஆராய்ந்தார். அறிந்தவர் வாயிலாகப் பணிபெற்றோரில் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்தனர், 55.6 விழுக்காட்டினர் எப்போதாவதும் 27.8 விழுக்காட்டினர் அரிதாகவும் சந்தித்தனர். நெருங்கியோர் ஒரே தகவல் வட்டத்திற்குள் இருப்பதால், புதிய செய்தி அவ்வட்டத்திற்கு வெளியே உள்ளவரிடமிருந்தே வருகிறது என்பது இதன் விளக்கம். இந்தியச் சூழலில் சாதி, வகுப்பு, பால் ஆகியவை வட்டங்களைப் பிரிப்பதால் இம்முடிவை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. எனினும், நண்பரும் உறவினரும் தம்மைப் போன்றே பணிச்சந்தைக்கு வெளியில் நிற்கும் மாணவருக்கு, வெளி வட்டத்தின் அறிமுகத்தை உருவாக்கித் தர வல்ல இடம் கல்லூரியே என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

இன்றுள்ள வாயில்கள்

தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், ஆண்டுதோறும் 10 இலட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி அளிப்பதை இலக்காகக் கொண்டது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாகச் செயற்படும் இத்திட்டம், கல்லூரிப் பாடத்திட்டத்துடன் பயிற்சியை இணைத்தது. தனியே கட்டணம் செலுத்த இயலாத மாணவருக்கும் பயிற்சி கல்லூரிக்குள்ளேயே கிடைக்கிறது என்பது இதன் சிறப்பாகும். குடிமைப் பணி முதனிலைத் தேர்வுக்கு ஆயத்தமாகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு உதவித்தொகை வழங்கும் ஏற்பாடும் 2023ஆம் ஆண்டு இத்திட்டத்தின்கீழ் வந்தது.

மற்றொரு வாயில் தொழிற்பழகுநர் பயிற்சியாகும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் உள்ளடக்கியது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் தொழில்நுட்பம் சாராத பட்டதாரிகளுக்கும் வழிவகுத்தது. தென் மண்டலத்திற்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில் உள்ளது. கலைப் பட்டதாரிகளும் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம் என்னும் செய்தி அவர்களை உரிய காலத்தில் சென்றடைதல் வேண்டும். பட்டப்படிப்பிற்குள்ளேயே இப்பயிற்சியை இணைப்பதற்கான வழிகாட்டுதல்களைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020ஆம் ஆண்டு வெளியிட்டுள்ளது.

தமிழ் பயில்வோருக்கு உரிய வாயில்களும் உள்ளன. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 விழுக்காட்டு முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. நான்காம் தொகுதித் தேர்வின் 200 வினாக்களுள் 100 வினாக்கள் தமிழ்த் தகுதித் தேர்வைச் சேர்ந்தவை. அப்பகுதியில் 40 விழுக்காடு பெறாதவரின் பிற விடைகள் கருதப்படா. தமிழை முறையாகக் கற்ற மாணவருக்கு இது உரிய களமாகும்.

மூன்றாண்டுக்குள் ஆயத்தம்

மேற்கூறியவற்றை ஓர் இளங்கலைத் தமிழ் மாணவரின் மூன்றாண்டுகளுக்குள் பின்வருமாறு அமைக்கலாம்.

முதலாண்டு திறனுக்கு உரியது. தட்டச்சுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுவதால், முதலாண்டில் பயிற்சியைத் தொடங்குபவர் இரண்டாம் ஆண்டிற்குள் இரு மொழிகளிலும் இளநிலையை எட்டுதல் இயலும். அத்துடன், தமிழ்நாடு அரசு 1999ஆம் ஆண்டு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையிலும் ஒருங்குறியிலும் பயிற்சி பெறுதல் இன்றியமையாதது. தட்டச்சுப்பொறியின் விசை அமைப்பும் தமிழ்99 அமைப்பும் வேறானவை; தேர்வுக்கு முன்னதும் கணினிவழி எழுத்துப் பணிக்குப் பின்னதும் பயன்படும் என்பதை மாணவர் தொடக்கத்திலேயே அறிதல் நன்று.

இரண்டாம் ஆண்டு சான்றுக்கு உரியது. பருவந்தோறும் எழுதப்படும் ஒப்படைப்புகளுள் சிலவற்றையேனும் வகுப்பறைக்கு வெளியே பயன்படும் வடிவில் ஆக்கலாம். ஒரு கட்டுரையின் மொழிபெயர்ப்பு, ஒரு நூலின் மெய்ப்புத் திருத்தம், ஒரு நூலகச் சேகரிப்பின் விவரப்பட்டியல், ஓர் ஊரின் வாய்மொழி வழக்காற்றுப் பதிவு ஆகியவை மதிப்பெண்ணைக் கடந்தும் நிற்கும் சான்றுகள். ‘மொழிபெயர்ப்பில் ஆர்வம் உண்டு’ என்று தன்விவரக் குறிப்பில் எழுதுவதைக் காட்டிலும், செய்து முடித்த பத்துப் பக்கங்களை முன்வைப்பது நம்பத்தகுந்தது.

மூன்றாம் ஆண்டு தொடர்புக்கு உரியது. நங்கநல்லூர்ப் பகுதி மாணவருக்கு எட்டும் தொலைவிலுள்ள தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் அமைந்துள்ளன. பதிப்பு, ஆவணப்படுத்தல், எண்ணிமமாக்கல், நூலகப் பணி ஆகியவை எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை இத்தகைய இடங்களில் நேரில் காணுதல், அத்துறைகளில் பணிபுரிவோரின் அறிமுகத்திற்கும் வழிகோலும். இவ்வாண்டிலேயே, பயின்ற மொழிவழிக்கான சான்றிதழைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பெறுதல், பிறந்த நாளும் பெயரின் முதலெழுத்தும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்த்தல் ஆகியவற்றையும் முடித்துவிடவேண்டும். சிறியனவாகத் தோன்றும் இக்குறைகள் தேர்வில் வென்றபின் சான்றிதழ்ச் சரிபார்ப்பில் பெருந்தடையாகின்றன.

இவ்வரிசை இறுக்கமானதன்று. பகுதிநேரப் பணிக்குச் செல்லும் மாணவருக்கும், மாலையில் வீட்டுப் பொறுப்பை ஏற்கும் மாணவியருக்கும் நாளொன்றுக்கு ஒரு மணிநேரமும் எளிதன்று. அவர்களுக்குக் கல்லூரி நேரத்திற்குள்ளேயே இப்பயிற்சி அமைந்தாலன்றி ஆயத்தம் என்பது வெறும் அறிவுரையாகவே நின்றுவிடும்.

துறையின் பொறுப்பு

வேலைவாய்ப்பு வழிகாட்டலைக் கல்லூரியின் தனிப்பிரிவு ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டுத் துறைகள் விலகி நிற்பது வழக்கமாக உள்ளது. நிறுவனங்களை வளாகத்திற்கு அழைத்து நேர்காணல் நடத்துதல் அப்பிரிவின் முதன்மைப் பணி. அது பெரும்பாலும் இறுதியாண்டில் நிகழ்கிறது. அந்நிலையில் ஆயத்தமானவரைத் தெரிவுசெய்ய இயலுமேயன்றி ஆயத்தமாக்க இயலாது. முதலாண்டிலிருந்தே மாணவரை அறிந்தவர் பாட ஆசிரியரே.

துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகள் மூன்று. ஒன்று, முந்தைய மாணவர் எவ்வெப்பணிகளில் உள்ளனர், அவற்றை எவ்வழியில் பெற்றனர் என்னும் பதிவேட்டைத் தொகுத்து ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்முன் வைத்தல். ஏ.ஜி.எஸ். காலனியின் எதிர்வீட்டார் ஒரு மாணவருக்குச் செய்யக்கூடியதை இப்பதிவேடு வகுப்பு முழுமைக்கும் செய்யும். இரண்டு, தேர்வு அறிவிப்புகளுக்கும் தட்டச்சு, கணினித் தேர்வுகளுக்குமான ஆண்டு நாட்காட்டியைத் துறையிலேயே பேணுதல். மூன்று, மதிப்பீட்டில் ஒரு பகுதியையேனும் துறைக்கு வெளியிலுள்ளோர் மதிப்பிடுமாறு அமைத்தல். பயிற்றுநரும் தேர்வாளரும் வேறாக இருந்தமையே தட்டச்சுச் சான்றிதழின் வலிமை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இவற்றால் இலக்கியக் கல்வியின் ஆழம் குறைந்துவிடும் என்னும் அச்சம் ஆசிரியரிடையே நிலவக்கூடும். அவ்வச்சம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. பணிக்கு உதவாத பாடம் தேவையில்லை என்னும் முடிவுக்கு அது இட்டுச் செல்லக்கூடும். ஆனால், மெய்ப்புத் திருத்தமும் சொல்லடைவு உருவாக்கமும் மொழிபெயர்ப்பும் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் நுட்பமாகக் கற்றவராலேயே செம்மையாக நிகழ்த்தப்படுகின்றன. பாடத்தைக் குறைக்காமலே அப்பாடத்திற்குள் உள்ள தொழிற்பயனை வெளிக்கொணர்தல் இயலும்.

முடிவுரை

நங்கநல்லூரின் குடியிருப்புப் பெயர்கள் சுட்டும் பணிவாழ்க்கை இன்று பெரிதும் மாறிவிட்டது. ஓர் தேர்வு, ஒரு நிறுவனம், ஓய்வுவரை ஒரே பணி என்னும் வரிசையை இன்றைய மாணவர் எதிர்பார்க்க இயலாது. ஆயினும், படிப்புடன் இணைந்து நாள்தோறும் பயிலுதல், வெளியாரால் அளக்கப்படுதல், அதற்குரிய சான்றைக் கையில் கொள்ளுதல் என்னும் பழைய பயிலக நெறி இன்றும் பொருந்துகிறது. அந்நெறியை அறிந்த வீட்டில் பிறந்தவர் அதனை இயல்பாகப் பெறுவார். அவ்வாறு பிறவாதவருக்கு அது கிட்டும் இடம் வகுப்பறை ஒன்றே. பணிச்சந்தை பற்றிய அறிவைச் சில குடும்பங்களின் உடைமையாக விட்டுவிடாமல் மாணவர் அனைவருக்கும் உரியதாக்குதல், பட்டம் வழங்கும் பொறுப்புடைய கல்விநிறுவனங்களின் கடமையாகும். அக்கடமை முதலாண்டின் முதல் பருவத்திலேயே தொடங்குதல் வேண்டும்.